மேலதிகாரியின் குரலில்

பக்கத்து மாவட்டத்தை இரண்டாக அறுத்ததில் கிடைத்த பாதிதான் நெய்தல்கரை மாவட்டம். அது பிறந்த முதல் மழைக்காலத்திலேயே ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. ஆபத்து என்று வந்தால் போலீஸ் ஒரு வயர்லெஸ்ஸில் கத்தும். தீயணைப்பு இன்னொன்றில் கத்தும். மின்துறை போனை எடுக்காது. ஆஸ்பத்திரி எடுக்கும், ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடும்.

எல்லாத் துறைகளும் ஒரே அலைவரிசையில் பேசிக்கொள்ள ஒரு திட்டம் வந்தது. 'ஒற்றைக்குரல்' என்று பெயர். பெயர் வைப்பதற்கே பல கூட்டங்கள் நடந்தன; ஒவ்வொன்றிலும் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். கடைசியில் காதுக்கு ஒரு கருவி, காலருக்கு ஒரு மைக் என்று எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்டது. கேட்டது, அவ்வளவுதான். யாரும் அசையவில்லை.

கருவி தந்த கம்பெனியிலிருந்து வந்திருந்த ரித்விக்குக்கு இது பிடிபடவே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் ஜெசிந்தாவின் மேசைமேல் பாதி உட்கார்ந்தபடி கேட்டான்.

"சிக்னல் சூப்பரா இருக்கு மேடம். எல்லாருக்கும் தெளிவா கேக்குது. அப்புறம் ஏன் ஒருத்தரும் நகர மாட்டேங்கிறாங்க?"

ஜெசிந்தா குரல் அலுவலர். அப்படி ஒரு பதவி அதற்கு முன் உலகத்தில் இல்லை. யார் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. மீனவக் குடும்பத்துப் பெண். கடலில் போன படகு பேசுகிறதா பேசவில்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டு வளர்ந்தவள் என்பதால் இந்த வேலை பொருந்திப்போயிற்று.

"தம்பி, காதுல விழுறது வேற, மண்டையில ஏறுறது வேற. ஃபயர்காரர் லைன்மேன்கிட்ட கரண்ட்டை நிறுத்துன்னா அவன் என்ன சொல்லுவான்? 'நீ யாருவே எனக்குச் சொல்ல'ம்பான். அவன் இன்ஜினியர் சொல்லணும்."

"யார் சொன்னா என்ன? விஷயம் ஒண்ணுதானே?"

"நீ கவர்மென்ட்ல வேலை பாத்ததில்ல."

ரித்விக் மேசையைவிட்டு இறங்கினான். "அப்போ, அவனோட இன்ஜினியரே சொல்ற மாதிரி கேட்டா?"

ஜெசிந்தா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மறுமாதமே அதைச் செய்தும் காட்டிவிட்டான். இனி தீயணைப்பு அதிகாரி பேசினால், மின்துறைக்காரர் காதில் அது மின்துறை மேற்பார்வைப் பொறியாளர் மகாதேவனின் குரலில் விழும். மின்துறைக்காரர் பதில் சொன்னால், தீயணைப்பு அதிகாரிக்கு அது மாவட்டத் தீயணைப்பு அலுவலர் செல்வின் துரையின் குரலில் கேட்கும். எவர் பேசினாலும் கேட்பவருக்கு அவரவர் மேலதிகாரிதான் பேசுவார். அசல் குரல்கள் கேட்பது ஒரே ஒருத்திக்கு மட்டும்: கட்டுப்பாட்டு அறையில், கறுப்பு ஹெட்போன் மாட்டிய ஜெசிந்தாவுக்கு.

குரல் எடுப்பதற்குத் துறைத் தலைவர்கள் கல்யாண மாப்பிள்ளைகள்போல ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். 'நிறுத்துங்கள்', 'இறங்குங்கள்', 'வழியை அடையுங்கள்' என்று எழுதிக் கொடுத்ததை வாசித்தார்கள். காவல் கண்காணிப்பாளர் தன் குரலில் கம்பீரம் போதவில்லை என்று மறுபடி மறுபடி எடுக்கச் சொன்னார். கலெக்டர் நிரஞ்சன் விஷயத்தில்தான் சிக்கல். அவர் காதில் யார் குரலைப் போடுவது?

"எனக்கு மேல இந்த மாவட்டத்துல யார் இருக்கா?" என்று கேட்டார் அவர், மிகுந்த பணிவோடு.

ஆகவே அவருக்கு அவர் குரலே போடப்பட்டது.

ஒன்று சொல்லியாக வேண்டும்: முதல் வருஷம் அது நன்றாகவே வேலை செய்தது. முந்திரி ஆலை பற்றி எரிந்தபோது போலீஸ் ரோட்டை அடைத்தது, மின்துறை கரண்ட்டை நிறுத்தியது, ஆம்புலன்ஸ் சரியான வாசலில் வந்து நின்றது. ஒருவரும் சாகவில்லை. சாகாததால் பத்திரிகையில் உள்பக்கத்தில்தான் வந்தது.

தீயணைப்பு நிலைய அலுவலர் இசக்கியப்பனுக்கு மட்டும் இதில் ஒட்டுதல் இல்லை. குவார்ட்டர்ஸில் ஜெசிந்தாவின் எதிர்வீடு அவர்.

"பேய் புடிச்ச மாதிரில்லா இருக்கு, யம்மா. பேசுதது நம்ம கரண்ட் ஆபீஸ் கோமதிநாயகம் பய. எனக்குக் கேக்கது எங்க பெரிய ஐயா குரல். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன் எச்சிக்கையோட எந்திரிச்சு அட்டென்ஷன்ல நின்னுட்டேன். எம் பொண்டாட்டி சிரிச்சுக்கிட்டே கெடக்கா."

"முன்னால நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி?"

"என்னத்த செய்ய? செல்லுல கூப்பிட்டு 'மாப்ளே, ஃபீடரை எறக்குல'ன்னா கரண்ட்டை நிறுத்திருவான். டீக்கடைப் பழக்கம். இப்பம் அதுக்குந்தான் வழியில்லியே."

வழியில்லைதான். சம்பவ இடத்தில் ஒற்றைக்குரல் விழித்துக்கொண்டால் மற்ற போன்கள் எல்லாம் செத்துவிடும். இரண்டு இடத்தில் இரண்டு பேச்சு கூடாது என்பது விதி.

கேடு வந்தது வெற்றியினால். துறைத் தலைவர்கள் பதிவுகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். குரல் நம்முடையதுதான், ஆனால் நாம் இப்படிப் பேசுவதில்லையே என்றார்கள். 'நிறுத்து', 'இறங்கு' என்று மாட்டுக்காரன்போல வெடுக்கென்று பேசுவது பதவிக்கு அழகில்லை என்றார் மகாதேவன். நாளைக்குக் கோர்ட்டில் இதை என் வாயிலிருந்து வந்ததாகப் போட்டுக் காட்டினால் யார் பதில் சொல்வது என்றார் செல்வின் துரை. அதுதான் உண்மையான கவலை.

ரித்விக் சளைக்கவில்லை. ஒரு வருஷமாக அத்தனை காலர் மைக்குகளும் பதிந்து வைத்திருந்த பேச்சு இருந்தது. மீட்டிங், ஆய்வு, போன், அதட்டல் எல்லாம். அதை வைத்து மேலதிகாரிகள் நிஜமாகவே எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசும் புதிய பதிப்பை உருவாக்கினான். 'இயல்புக்குரல்'. ஸ்டுடியோவில் எடுத்த பழைய குரல் ஒத்திகைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது; ஜெசிந்தாவின் மேசையில் அதற்கு ஒரு மஞ்சள் பொத்தான்.

"ஒரு சந்தேகம்," என்றாள் ஜெசிந்தா. "கீழ இருக்கவர் ஒண்ணு கேக்காரு. அந்த மாதிரி ஒரு வார்த்தையை மேல உள்ளவரு ஆயுசுல சொன்னதே இல்லன்னா?"

"நியரெஸ்ட்டா என்ன இருக்கோ அதை எடுத்துக்கும் மேடம். அந்த நிலைமையில அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அது."

"அவரு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரே."

ரித்விக் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டான்.

இயல்புக்குரலைத் தொடங்கி வைக்க அமைச்சர் வந்த அன்று காலையிலிருந்தே மழை. கலையரங்கத்தில் துறைத் தலைவர்கள் மொத்தமும் முன்வரிசையில் இருந்தார்கள். பொன்னாடைகள் வரிசையில் காத்திருந்தன. வரவேற்புரை ஆற்றியவர் 'அவர்களே' போட்டு முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது.

அந்த நேரத்தில் கோட்டைவாசல் சப்வேயில், ரயில் தண்டவாளத்துக்குக் கீழே, இறால் கம்பெனிப் பெண்களை ஏற்றிவந்த வேன் ஒன்று தண்ணீரில் நின்றுபோனது. தண்ணீர் ஏறியது. பெண்கள் ஜன்னல் வழியாகக் கூரைமேல் தொற்றத் தொடங்கினார்கள். சுவரில் ஓடிய மின்கேபிள் ஒன்று மழையில் பிய்ந்து தண்ணீருக்குள் தொங்கியது. முதலில் இறங்கப்போன ஆட்டோக்காரர் ஒருவரைத் தூக்கியடித்தது, பிழைத்தார். அதன்பின் யாரும் கிட்டப் போகவில்லை.

இசக்கியப்பன் தன் ஆட்களோடு கயிறும் ரப்பர் படகுமாக வந்து நின்றார். ஹெட்போனில் அவர் அசல் குரல் ஜெசிந்தாவுக்குக் கேட்டது.

"கோட்டைவாசல் ஃபீடரை எறக்குங்க! கேபிள் தண்ணில கெடக்கு. எறக்கினாத்தான் நாங்க உள்ள போக முடியும். சீக்கிரம்!"

துணைமின் நிலையத்தில் இருந்த உதவிப் பொறியாளர் கோமதிநாயகத்தின் காதில் இது எப்படி விழுந்தது என்பதை ஜெசிந்தா எதிரே இருந்த திரையில் எழுத்தாக ஓடக் கண்டாள். மகாதேவனின் குரலில், இயல்பாக:

'பார்த்துச் செய்யுங்க.'

அரசு அலுவலகத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்தவர்களுக்கு இந்த வாக்கியத்துக்கு உரை எழுத வேண்டியதில்லை. காரியம் நல்லபடி முடிந்தால் 'நான்தான் செய்யச் சொன்னேன்'. கெட்டுப்போனால் 'பார்த்துச் செய்யச் சொன்னேனே'. ஒரு வருஷப் பதிவில் எல்லாத் துறைத் தலைவர்களும் அதிகம் பேசிய வாக்கியம் அதுதான். நிறுத்து என்று ஒருவரும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இயந்திரம் அவர்களைத் துல்லியமாகப் புரிந்துகொண்டிருந்தது. அவர்கள் மனைவிமார்கூட அவ்வளவு புரிந்துகொண்டதில்லை.

கோமதிநாயகத்தின் கை நெம்புகோலில் இருந்தது. கலையரங்கத்துக்கும் அதே ஃபீடர்தான். "ஐயா, மண்டபத்துல மினிஸ்டர் பேசிக்கிட்டு இருக்காரு. மண்டபமும் சேர்ந்து ஆஃப் ஆகும். நிறுத்திரட்டுமா ஐயா?"

இசக்கியப்பனுக்கு அது செல்வின் துரையின் குரலில் போய்ச் சேர்ந்தது: 'பார்த்துச் செய்யுங்க.'

"என்னத்தப் பாக்க? கண்ணு முன்னால பொம்பளையள் அழுதுக்கிட்டு நிக்காவ ஐயா! கரண்ட்டை நிறுத்தச் சொல்லுங்க!"

'பார்த்துச் செய்யுங்க,' என்றார் மகாதேவன் கோமதிநாயகத்திடம், முன்னைவிடக் கொஞ்சம் எரிச்சலோடு. எரிச்சலைக்கூட அது அச்சாகப் பிடித்திருந்தது. அந்த எரிச்சலோடு மகாதேவன் பேசினால் 'கையை வைக்காதே' என்று அர்த்தம். கோமதிநாயகம் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

ஜெசிந்தா கலெக்டரின் தடத்தைத் திறந்தாள். "சார், கோட்டைவாசல் ஃபீடரை உடனே நிறுத்தணும். ஆள் சாகப் போகுது. ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

முன்வரிசையில் இருந்த கலெக்டருக்குத் தன் காதுக்குள் தன் குரலே கேட்டது. அவர் மெல்லத் தலையை ஆட்டினார். "ஆமா. அதைத்தான் நானும் நினைச்சேன்," என்றார். தனக்கு நல்ல யோசனைகள் தோன்றுவது அவருக்குப் புதிதல்ல. நினைத்த திருப்தியில் சாய்ந்து உட்கார்ந்து கைதட்டினார். மேடையில் அமைச்சர், தகவல் தொடர்பில் நெய்தல்கரை நாட்டுக்கே வழிகாட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெட்போனில் பெண்களின் குரல் கேட்டது. ஒருத்தி மாதாவைக் கூப்பிட்டாள். ஒருத்தி யாரோ ஒரு பிள்ளையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இந்தச் சத்தத்தை இயந்திரம் யாருக்கும் அனுப்பவில்லை. அவர்கள் எந்தத் துறையிலும் சேர்ந்தவர்கள் அல்லவே.

ஜெசிந்தா மண்டபத்தில் இருந்த ரித்விக்கைப் போனில் பிடித்தாள். "பழைய குரலுக்கு மாத்து தம்பி! ஒருத்தருக்கும் ஒண்ணும் போய்ச் சேரல!"

"இப்போ முடியாது மேடம், லைவ்ல இருக்கோம். மினிஸ்டர் பட்டனை அமுக்கியாச்சு. ஒத்திகை மோட்ல மட்டும்தான் பழசு ஓடும்." அவன் குரல் கீழிறங்கியது. "அதைப் போட ஆர்டர் வேணும்."

"யாரு ஆர்டர்?"

"மேல கேட்டுச் சொல்றேன்."

மேலே கேட்டால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். மஞ்சள் பொத்தானை அமுக்கினாள். தன் மைக்கைத் திறந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அலைவரிசையில் கட்டளையிட்டாள்.

"கோட்டைவாசல் ஃபீடரை நிறுத்துங்க. இப்பவே."

மகாதேவன் கோமதிநாயகத்தின் காதில் இடிபோலச் சொன்னார்: 'நிறுத்துங்கள்.' அசல் மகாதேவனிடமிருந்து பத்து வருஷ உத்தியோகத்தில் அவனுக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை. மறுநொடி நெம்புகோல் கீழே வந்தது. "நிறுத்தியாச்சு ஐயா!" என்றான், அழுதுவிடுவான் போலிருந்தது.

"இறங்குங்க," என்றாள் ஜெசிந்தா.

செல்வின் துரையின் குரல் சப்வேயின் வாசலில் நின்றவர்கள் காதில் ஒலித்தது: 'இறங்குங்கள்.'

 "சரிங்கய்யா," என்றார் இசக்கியப்பன். அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. தண்ணீர் அளையும் சத்தம். "வா தாயி, பயப்படாத, கழுத்தைக் கட்டிப் புடி. கரண்ட் இல்ல. பெரிய ஐயாவே சொல்லிட்டாவ. வா."

கலையரங்கத்தில் விளக்கு அணைந்தது. மைக் செத்தது. 'ஒற்றைக்குரல்' என்ற சொல்லில் 'ஒற்றை' மட்டும் வெளியே வந்திருந்தது. அமைச்சர் திரும்பிக் கலெக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

"என்ன இது? கரண்ட்டைப் போடுங்க!" என்றார் கலெக்டர், காலரில் மைக் இருந்ததை மறந்து.

பழைய பதிப்பு எதையும் மழுப்பாது. மாட்டுக்காரன்போல வெடுக்கென்று பேசும். மகாதேவன் மறுபடியும் கோமதிநாயகத்தின் காதில் தெளிவாகச் சொன்னார்: 'கரண்ட்டைப் போடுங்கள்.'

"வேண்டாம்! போடாதீக!" ஜெசிந்தா கத்தி முடிப்பதற்குள் கோமதிநாயகம் கீழ்ப்படிந்துவிட்டான். தெளிவான உத்தரவுக்கு அவன் ஒரு வருஷமாகப் பழகியிருந்தான்.

பிரேக்கர் தானாகவே விழுந்து கரண்ட்டை மறுபடி நிறுத்தியது. கரண்ட் இருந்தது ஒரு நொடிதான். ஒரு நொடி போதும்.

கூரைமேல் மிச்சம் இருந்தவர்கள் பிழைத்தார்கள். தண்ணீரில் இருந்தவர்களும், கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தவளும், இசக்கியப்பனும் பிழைக்கவில்லை.

விசாரணைக் கமிஷன் வந்தது. எல்லோரும் உண்மையே பேசினார்கள். அதுதான் அந்த விசாரணையின் விசேஷம். கோமதிநாயகம், நிறுத்தச் சொன்னதும் போடச் சொன்னதும் மகாதேவன் ஐயா என்றான். மகாதேவன், நான் வாயே திறக்கவில்லை என்றார். செல்வின் துரை, யாரையும் எதிலும் இறங்கச் சொல்லும் பழக்கமே தனக்கு இல்லை என்றார். அதற்கு அவருடைய முழு உத்தியோகமும் சாட்சி. கலெக்டர் வெகுநேரம் யோசித்தார். "கரண்ட்டைப் போடுன்னு என் குரல் கேட்டது உண்மை. நான் சொன்னேனா, எனக்குச் சொல்லப்பட்டதான்னு என்னால சொல்ல முடியல."

ஜெசிந்தா எழுந்து, சொன்னது நான்தான் என்றாள். பொத்தானை அமுக்கியதையும் சொன்னாள்.

ஓய்வுபெற்ற அதிகாரியான கமிஷன் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, மஞ்சள் பட்டன்னா ஒத்திகை. ஒத்திகையில சொன்ன வார்த்தை உத்தரவாகாது, பதிவுலயும் ஏறாது. அதோட, ஒத்திகையில யாரும் சாகறதில்ல. உட்காருங்க."

உத்தரவு எதுவும் இல்லாமல் சுயமாக இறங்கிய துணிச்சலுக்காக இசக்கியப்பனுக்குப் பதக்கம் என்று முடிவாயிற்று.

எதிர்வீட்டில் அவர் மனைவி பூரணம், பதக்கத்தை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"அவிய சுயமா ஒண்ணும் எறங்கலம்மா, பொய் எழுதிட்டாவ," என்றாள் ஜெசிந்தாவிடம். "கூட நின்ன பையன் சொன்னான். பெரிய ஐயா அவிய வாயாலயே எறங்குன்னு சொன்னாவளாம். இவிய முகம் அப்படியே மலர்ந்துபோச்சாம். இருவது வருசமா ஏங்கிக் கெடந்தாவல்லா, ஒரு நேர் வார்த்தைக்கு. கடைசியில கெடைச்சுது பாத்துக்கோ."

கமிஷனில் எழுந்து உண்மையைச் சொன்ன ஜெசிந்தா இங்கே காபியை மட்டும் குடித்துவிட்டு வந்தாள்.

ஒற்றைக்குரல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. தண்டித்தால் தப்பு நடந்ததாக ஆகிவிடும் என்பதால் ஜெசிந்தாவுக்குப் பதவி உயர்வு கொடுத்துத் தலைநகருக்கு மாற்றினார்கள். துணை இயக்குநர். இனி அவளும் ஒரு மேலதிகாரி. கீழே இருப்பவர்கள் காதில் ஒலிக்க அவள் குரலும் வேண்டும். ஒரு நாள் ரித்விக் வந்து அவள் புடவை மடிப்பில் சின்ன மைக் ஒன்றைக் குத்திவிட்டுப் போனான். "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க மேடம். அது தானா எடுத்துக்கும்." மைக்கில் கடுகளவு பச்சை விளக்கு.

அவள் ஒரு தீர்மானத்தோடுதான் இருந்தாள். தன் குரலையாவது தெளிவாக விட்டுவைக்க வேண்டும் என்று.

மழை பிடித்த ஒரு மாலையில் மேசைமேல் இருந்த பழைய லேண்ட்லைன் அடித்தது. அதில் யாரும் கூப்பிடுவதில்லை.

"மேடம், நான் சுடலைமணி. நெய்தல்கரை ஃபயர் ஸ்டேஷன். இசக்கியப்பன் சாருக்கு அப்புறம் வந்தவன்." பின்னால் தண்ணீர் இரைந்தது. "ஆத்துக்குள்ள லாரி கவுந்து கெடக்கு. டிரைவர் உள்ள உயிரோட இருக்கான், கைய ஆட்டுதான். வெள்ளம் ஏறுது. குரல்ல கேட்டா பாத்துச் செய்யுன்னே வருது மேடம். அதான் ஓடிவந்து மேட்டுல ஒரு கடை போன்ல இருந்து கூப்பிடுதேன். நேரா ஒரு வார்த்தை சொல்லுத ஆளு நீங்க மட்டுந்தான்னு எல்லாரும் சொன்னாவ. எம் பசங்களை எறக்கட்டுமா?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதற்கு முன்னால் வேறொரு குரல் வந்து நின்றது: சரிங்கய்யா. அந்தச் சந்தோஷம். தண்ணீர் அளையும் சத்தம்.

"மேடம்? லைன்ல இருக்கீயளா?"

"பார்த்துச் செய்யுங்க," என்றாள்.

 "சரிங்க மேடம்," என்று சுடலைமணி போனை வைத்தான்.

புடவை மடிப்பில் பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. அவள் குரலுக்கு மாதிரி கிடைத்துவிட்டது.